கோமதிகள் நடுவே ஓர் ஆவுடை

போன மாதம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் பெண் அட்டையைப் பார்த்து, "கோமதி" என்று கூப்பிட்டாள். வரிசையில் பாதிப்பேர் எழுந்தோம். அந்தப் பெண் திகைத்துப்போய், இனிஷியலோடு சேர்த்துக் கூப்பிட்டாள். அப்போதும் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தோம். அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அழகான பெயர்தான், என்ன அர்த்தம் என்று பிடிபடவில்லை. உங்கள் ஊரில் எல்லாருக்கும் ஒரே பெயரா என்று அவள் கேட்டதற்கு, மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஆமாம் என்றோம்.

சங்கரன்கோவிலில் என் வயதில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அம்மன் பெயர் கோமதி. ஆடித் தபசுக்கு நேர்ந்துகொண்டு பிறந்தவள் கோமதி, புற்றுமண் பூசி அம்மை இறங்கியவள் வீட்டில் அடுத்துப் பிறந்தவள் கோமதி, ஒரு காரணமும் இல்லாமல் பிறந்தவளும் கோமதி. எங்கள் ஒன்பதாம் வகுப்பில் ஆளுக்கொரு அடைமொழி வைத்துத்தான் சமாளித்தோம். வீட்டில் தறி ஓடுகிறவள் தறிக் கோமதி. அப்பா பூ மார்க்கெட்டில் பிச்சிப்பூ ஏலம் எடுக்கிறவர் என்பதால் ஒருத்தி பூக் கோமதி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குடியிருந்தவள் பஸ் ஸ்டாண்ட் கோமதி. எனக்கும் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுத மாட்டேன்.

அந்த வகுப்புக்குத்தான் என் தங்கச்சி வந்து சேர்ந்தாள். கூடப்பிறந்தவள் இல்லை, சித்தி மகள். என்னைவிடச் சில மாதங்கள் இளையவள். சித்தியைக் குருவிகுளம் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அங்கே எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் டவுனுக்கு வரவேண்டும். இல்லையென்றால் பருத்தி எடுக்கப் போக வேண்டும், அப்புறம் கல்யாணம். நன்றாகப் படிக்கிற பிள்ளை என்பதால் அம்மா எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள்.

ஜூன் மாதத்து வெயிலில், ஒரு மஞ்சள் பையும் தகரப் பெட்டியுமாக அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலில் செருப்பில்லை. கறுத்து ஒடிசலாக, முழங்கால் வரைக்கும் கரிசல் புழுதி. பெட்டிக்குள் இரண்டு பாவாடை, ஒரு தாவணி, கூடவே எனக்கென்று சித்தி கொடுத்துவிட்ட வறுத்த நிலக்கடலை. பாவாடை தாவணி எல்லாவற்றிலும் அந்தக் கடலை வாசம் ஏறியிருந்தது. துவைத்துத் துவைத்துப் போக்க வேண்டியதாயிற்று.

அவள் பெயர் ஆவுடை. முழுப்பெயர் ஆவுடையம்மாள்.

அப்பா ஆபீசில் வேலை பார்த்தவர். நல்ல மனிதர். யாருக்கு என்ன செய்தாலும் முழுதாகச் செய்கிறவர். தங்கச்சிக்குச் செருப்பு வாங்கினார், பேனா வாங்கினார், சைக்கிளில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சேர்க்கக் கூட்டிப் போனார். போன இடத்தில் பெயரையும் மாற்றிவிட்டார். எங்கள் வகுப்பு டீச்சர்தான் அந்த யோசனையைச் சொன்னது. இப்போது விட்டால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்ப் புத்தகத்தில் ஏறிவிடும், பிறகு ஆயுசுக்கும் மாற்ற முடியாது, பட்டிக்காட்டுப் பெயரோடு நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் பிள்ளை கூச்சப்படும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கார்டியன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் வீட்டில் வைத்து அவளிடம் சொன்னார்: "ஏட்டி, இனிமே நீ கோமதி. அதுவும் அம்மன் பேருதான். ஒருத்தி கேலி பண்ண முடியாது பாத்துக்கோ."

அவள் தட்டில் இருந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள், தட்டைக் கழுவி வைத்தாள். சம்மதம் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வகுப்பு டீச்சர் வருகை எடுத்தார். கோமதிகள் வரிசையாக "உள்ளேன் டீச்சர்" சொல்லி முடித்தோம். கடைசியில் புதிதாகச் சேர்த்த கோமதியை, அவள் அப்பாவின் இனிஷியலோடு கூப்பிட்டார். சத்தமே இல்லை. மறுபடி கூப்பிட்டார். பக்கத்தில் இருந்த தங்கச்சியை நான் முழங்கையால் இடித்தேன். அவள் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒன்னையத்தான் ஏட்டி."

"என்னைய இல்லக்கா. அது வேற யாரோ."

முதல் நாள் புதுப்பிள்ளை என்று டீச்சர் விட்டுவிட்டார். இரண்டாம் நாளும் அப்படியே. அதன் பிறகு பெஞ்சு மேல் நிற்க வைத்தார். அவள் முரண்டு பிடிக்கவில்லை, அழவில்லை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நிற்கச் சொன்னால் நின்றாள். கணக்குப் போடச் சொன்னால் முதலில் போட்டு முடித்தாள். அந்தப் பெயருக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. டீச்சருக்கு ரோஷம் வந்துவிட்டது. பதில் சொல்லாத பிள்ளை வராத பிள்ளைதான் என்று தினமும் ஆப்சென்ட் போட ஆரம்பித்தார். கண்ணுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஆப்சென்ட்!

விஷயம் பெரிய டீச்சர் வரைக்கும் போனது. தலைமை ஆசிரியையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஸ்டார்ச் போட்ட சேலையும் கண்ணாடியுமாக அவர் தாழ்வாரத்தில் வந்தால் காக்காய்கூடப் பறந்துவிடும். ரிஜிஸ்டரில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் பெயர் என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். இப்படியே போனால் வருகை குறைந்து அரைப்பரீட்சை எழுத முடியாது என்றார்கள். அப்பாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. நல்லது செய்யப் போய் இப்படி ஆகிவிட்டதே என்ற கோபம்.

"பேருல என்ன இருக்குன்னு இப்படிப் பிடிவாதம் பிடிக்க? இப்படியே இருந்தா ஊருக்கே கொண்டு விட்டுருவேன். பருத்திக்காட்டுல எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஒண்ணுதான்."

அன்றைக்குக் கிணற்றடியில் துணி துவைக்கும்போது அவளிடம் கேட்டேன். ஒரு வார்த்தை 'உள்ளேன்' என்று சொல்லித் தொலைத்தால் என்ன, படிப்பே போய்விடும் போலிருக்கிறதே என்று. சோப்பு நுரையை உதறிவிட்டு அவள் சொன்னாள்: "செருப்பு வாங்கும்போது பெரியப்பா கால் அளவு கேட்டாங்க. பேர மாத்தும்போது ஒரு வார்த்தை கேக்கல."

நான் சேலை முறுக்கிப் பிழிய மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆடித் தபசுக்குச் சித்தி வந்தாள். ஊரிலிருந்து ஒரு கூட்டமே வந்தது. ஆடிக்காற்று மண்ணை வாரி வீசுகிறது, ரத வீதியில் கால் வைக்க இடமில்லை. அம்மன் தபசு மண்டபத்துக்குப் போகிற வழியில் வெள்ளாமை பண்ணும் சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்ததைச் சப்பரத்தின் மேல் எறிவார்கள். பருத்தி எறிவார்கள், மிளகாய் வத்தல் எறிவார்கள், பயறு எறிவார்கள். காற்றில் வத்தல் நெடி ஏறி ஊரே தும்மும். நாங்கள் சின்னப்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு கீழே விழுந்த பருத்தியைப் பொறுக்கிக் காதில் வைத்துக்கொள்வோம்.

சித்தி வீட்டுக்குள் நுழைந்ததுமே "ஏ ஆவுடை" என்று கூப்பிட்டாள். அப்பா இப்போது அவள் கோமதி என்று சொல்லி, காரணத்தையும் விளக்கினார். சித்திக்கு முகம் ஒரு நிமிடம் எப்படியோ ஆனது. அக்கா வீட்டுக்காரரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை அவளுக்கு. நீங்க செஞ்சா சரியாத்தான் இருக்கும் அத்தான் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கோயில் கூட்டத்தில் வைத்துத்தான் தங்கச்சி தன் அம்மாவிடம் கேட்டாள், எனக்கு ஏன் இந்தப் பெயர் வைத்தாய் என்று. நான் இருவருக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நின்றேன். சப்பரம் இன்னும் வந்து சேரவில்லை. சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். மழையே இல்லாத வருஷமாம் அது. தீவனம் இல்லாமல் ஊரில் மாடுகள் ஒவ்வொன்றாக விற்றுப்போய்விட்டன. தொழுவில் ஒரே ஒரு சினைப்பசு மட்டும் நின்றது. அதையும் விற்றுவிடலாம் என்று சித்தப்பா சொல்ல, நிறைமாதமாக இருந்த சித்தி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்றாளாம். அந்தப் பசு கன்று போட்ட வாரத்தில் தங்கச்சி பிறந்தாள். மழையும் வந்தது.

"ஊர்ல யாரு வீட்லயும் மாடு இல்ல. நம்ம வீட்ல இருந்துச்சு. அதான் ஆவுடைன்னு வச்சேன். ஆவ உடையவ."

சொல்லிவிட்டு மடியிலிருந்த பருத்தியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு மகளின் தலையில் கை வைத்து, "நான் வச்ச பேரு. ஆனா ஒன் பேரு. வச்சுக்கிடுததும் விடுததும் ஒன் பாடு," என்றாள். அதற்குள் சப்பரம் வந்துவிட்டது. சித்தி மடியிலிருந்த பருத்தியை இரண்டு கையாலும் அள்ளி வீசினாள். தங்கச்சி அவளைவிட உயரமாக எறிந்தாள்.

தபசு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம் தமிழ் டீச்சர் ஓரெழுத்து ஒருமொழி நடத்தினார். ஒரே எழுத்து ஒரு முழுச் சொல்லாக நிற்பது. தீ என்றால் நெருப்பு, பூ என்றால் மலர் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தார். ஆ என்றால் பசு. கொஞ்சம் தள்ளி, கோ என்றால் அரசன். பசு என்ற பொருளும் உண்டு என்றார்.

தங்கச்சி எழுந்து நின்றாள். வருகை எடுக்கும்போது வாய் திறக்காத பிள்ளை தானாக எழுந்ததில் வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"டீச்சர், அப்போ கோமதின்னா என்ன அர்த்தம்?"

பூக் கோமதி முந்திக்கொண்டு, மதி என்றால் நிலா, எங்கள் அப்பா சொல்லியிருக்கிறார் என்றாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். நிலா என்பதில் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தமிழ் டீச்சர் சிரித்தார். இந்த இடத்தில் அது நிலா இல்லை, வடமொழிச் சொல், 'மதி' என்று முடிந்தால் அதை உடையவள் என்று பொருள் என்றார். கோமதி என்றால் பசுக்களை உடையவள்.

தங்கச்சி உட்காரவில்லை. "அது என் பேருல்லா டீச்சர்?" என்றாள்.

தமிழ் டீச்சர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு கரும்பலகையில் ஆவுடை என்று எழுதி, பக்கத்தில் கோமதி என்று எழுதி, நடுவில் சமக்குறி போட்டார். தான் இத்தனை வருஷம் இந்த ஊரில் பாடம் நடத்தியும் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை என்றார். அம்மனுக்கே இரண்டு பெயரும் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டும் ஒரே பெயர் என்பதுதான் யாருக்கும் தோன்றவில்லை.

தங்கச்சி எங்களை ஒரு பார்வை பார்த்தாள். "அப்போ இவளுவ எல்லாருக்கும் என் பேருதான் டீச்சர் வச்சிருக்கு."

வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார். அது கேலிச் சிரிப்பில்லை. அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தறிக் கோமதி தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டே, "ஏ ஆவுடை, ஊறுகா வேணுமா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு எங்களில் ஒருத்திகூட அவளை வேறு பெயரில் கூப்பிடவில்லை. வகுப்பு டீச்சர் மட்டும் ரிஜிஸ்டரைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டும், ஆப்சென்ட் போட்டுக்கொண்டும் இருந்தார்.

பெரியவர்களில் அவளை ஆவுடை என்று கூப்பிட்ட ஒரே ஆள் விளையாட்டு டீச்சர். அதற்குக் காரணம் இலக்கணம் இல்லை. பள்ளிக்கூடக் கோகோ அணியில் அநேகமாக எல்லோரும் கோமதிகள். "கோமதி, இடது பக்கம்!" என்று டீச்சர் கத்தினால் எல்லோரும் இடது பக்கம் ஓடுவோம். எதிரணி நின்று சிரிக்கும். தங்கச்சி மைதானத்தில் இறங்கிய பிறகு டீச்சருக்குத் தொண்டை பிழைத்தது. ஆவுடை என்றால் ஒருத்திதான் திரும்புவாள். திரும்பினால் காற்று மாதிரித் திரும்புவாள். கன்றுக்குட்டிக்குப் பின்னால் வெறுங்காலோடு ஓடிப் பழகிய கால்கள். பெரியப்பா வாங்கிக் கொடுத்த செருப்பைக் கழற்றிக் கம்பத்தடியில் வைத்துவிட்டுத்தான் விளையாட இறங்குவாள்.

அந்த வருஷம் வட்டாரப் போட்டி புளியங்குடியில் நடந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே எலுமிச்சம்பழ வாசம். மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தார்கள். விளையாட்டு டீச்சர் ஒரு கூறு வாங்கி ஆளுக்கு அரைப்பழம் வெட்டி உப்புத் தொட்டுக் கொடுத்தார். மாலைக்குள் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். எதிரே அந்த ஊர்ப் பெண்கள். மைதானம் முழுக்க அவர்கள் ஆட்கள். எங்கள் பக்கம் பெரிய டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் வேலையாகப் புளியங்குடி வந்திருந்த அப்பாவும், சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிக் கூட்டத்தில் நின்றார். அவர் வந்தது எங்களுக்குத் தெரியாது.

கோகோ பார்த்திருப்பீர்கள். ஓர் அணி இரண்டு கம்பத்துக்கு நடுவே வரிசையாக உட்கார்ந்து துரத்தும், மற்ற அணி மூன்று மூன்று பேராக இறங்கித் தப்பி ஓடும். வரிசைக்குள் புகுந்து மறுபக்கம் போக ஓடுகிறவர்களுக்கு மட்டும்தான் அனுமதி, தொட்டால் ஆளுக்கு ஒரு புள்ளி. கடைசி ஆட்டத்தில் எங்களுக்கு எட்டுப் புள்ளி முன்னிலை. ஓட வேண்டியது நாங்கள். முதல் குழு போனது. இரண்டாவதில் நானும் போனேன், சீக்கிரமே தொட்டுவிட்டார்கள். கடைசிக் குழுவில் தறிக் கோமதியும் பூக் கோமதியும் அவுட்டாகிச் சமநிலை வந்துவிட்டது. மிச்சம் தங்கச்சி ஒருத்தி. அவளைத் தொட்டால் கோப்பை அவர்களுக்கு.

அவள் ஓடினாள். வரிசைக்குள் புகுந்து புகுந்து, எலிப்பொறிக்குச் சிக்காத அணில் மாதிரி ஓடினாள். கம்பத்தை ஒரு கையால் பிடித்துச் சுற்றித் திரும்பினாள். துரத்துகிறவள் விரல் அவள் பின்னலைத் தொடும் தூரத்துக்கு வந்தபோது, விளையாட்டு டீச்சர் "ஆவுடை, உள்ள!" என்று கத்தினார். சட்டென்று உள்ளே பாய்ந்து மறுபக்கம் வந்துவிட்டாள். எங்கள் பெஞ்சில் அவுட்டாகி உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லோரும் கத்த ஆரம்பித்தோம். ஆவுடை, ஆவுடை என்று. கொஞ்ச நேரத்தில் எலுமிச்சை மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆட்கள் மைதானத்து வேலிக்கு வந்து அவர்களும் கத்தினார்கள். அந்தப் பெயரைச் சேர்ந்து கத்துவதற்கு வசதியாக இருந்தது. விசில் ஊதும்போது அவள் வரிசையின் நட்டநடுவில், யாரும் தொடாமல், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

புள்ளிகள் சமம். இன்னொரு குட்டி ஆட்டம் வைத்தார்கள். அதில் அவள் ஒருத்தியே நான்கு பேரைத் தொட்டாள். ஜெயித்தோம்.

பரிசு கொடுக்க மேஜை போட்டார்கள். கோப்பை தவிர, சிறந்த ஆட்டக்காரிக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு. மைக் பிடித்தவர் பள்ளிக்கூடத்திலிருந்து கொடுத்த பெயர்களைப் பார்த்து, "கோமதி, மேடைக்கு வரவும்" என்றார்.

தங்கச்சி எழவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது எங்களுக்குப் பழக்கம்தான். யாரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்கள் கலந்து பேசவும் இல்லை. தறிக் கோமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். பூக் கோமதி உட்கார்ந்தாள். நான் உட்கார்ந்தேன். மைக்காரர் மறுபடி கூப்பிட்டார். கோமதி என்று பெயருள்ள ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. அந்த அணியில் கோமதியே இல்லையா என்று அவர் மைக்கிலேயே கேட்டுவிட்டார். கூட்டம் சிரித்தது.

பெரிய டீச்சர் எங்களைப் பார்த்தார். நாங்களும் அவரைப் பார்த்தோம். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். ஸ்டார்ச் சேலை சரசரக்க மைதானத்தைக் கடந்து மேடைக்குப் போனார். மைக்கை வாங்கித் தொண்டையைச் செருமினார்.

"ஆவுடையம்மாள்," என்றார். நிதானமாக, முழுப்பெயரும். "எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளை. பேரு ஆவுடையம்மாள்."

தங்கச்சி எழுந்தாள். வெறுங்காலோடு, புழுதி படிந்த பாவாடையோடு, தலை நிமிர்ந்து நடந்து போனாள். உள்ளூர்ப் பெண்களும் கை தட்டினார்கள். தூக்கை வாங்கித் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். அந்தத் தூக்கில்தான் பத்தாம் வகுப்பு முடியும்வரை எங்கள் இருவருக்கும் மத்தியானச் சோறு போனது. எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை. இப்போது தேடினாலும் அப்படிக் கனமான தூக்கு கடையில் கிடைப்பதில்லை.

அப்பா நின்ற இடத்தில் என்ன நடந்தது என்பது அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும், அதுவும் பல வருஷம் கழித்து. பக்கத்தில் நின்ற எலுமிச்சை வியாபாரி, எந்த வீட்டுப் பிள்ளை அண்ணாச்சி, இந்த ஓட்டம் ஓடுது என்று கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டுப் பிள்ளை என்று அப்பா சொன்னாராம். மைக்கில் ஏதோ குழப்பினார்களே, பிள்ளை பெயர் என்ன என்று அவர் மறுபடி கேட்டாராம். அப்பா மேடையில் நின்ற பிள்ளையைப் பார்த்தாராம். பிறகு சொன்னாராம்: "ஆவுடை. அவங்க அம்மா வச்சது."

திங்கட்கிழமை அப்பா எங்களோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பெரிய டீச்சர் அறைக்குள் போய்ச் சீக்கிரமே வெளியே வந்தார். அவர் கேட்க வேண்டியிருக்கவே இல்லை, பெயரைத் திருத்தி ஆப்சென்ட்டையும் அடித்துவிடும்படி பெரிய டீச்சர் ஏற்கெனவே வகுப்பு டீச்சருக்குச் சொல்லிவிட்டார். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இந்தப் பெயர்தான் ஏறும், அதில் சம்மதமா என்று தங்கச்சியிடம் அப்பா கேட்டார். சம்மதம் பெரியப்பா என்றாள்.

ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. ஒரு நாளும் பிந்திப் போகாத மனிதர், சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றார். வகுப்பு டீச்சர் புதிதாக எழுதிய ரிஜிஸ்டரைத் திறந்தார். பெயர்களை அகர வரிசையில் எழுதியிருந்தார். கோமதிகள் எல்லோருக்கும் மேலே, முதல் பெயராக அது இருந்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, வாசித்தார்.

தங்கச்சி எழுந்து நின்று சொன்ன "உள்ளேன் டீச்சர்" தாழ்வாரத்தின் கோடிவரை கேட்டிருக்கும். வெளியே அப்பா சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார்.